பையில் அரை எலுமிச்சம்பழம் இருக்கட்டும்

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம் அண்ணா. சமையல் மேடைக்கு மேஸ்திரி கறுப்பு கிரானைட் சொல்கிறார். மகளோ செல்போனில் பார்த்த மாதிரி வெள்ளை மார்பிள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எதைப் போடுவது?
- வாசகி, பென்னாகரம்

உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் புளிக்குழம்பு? மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல் அம்மா. புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ சிந்திக் கொஞ்ச நேரம் கிடந்தாலே பாலிஷை அரித்து அங்கே மங்கலாக ஒரு வட்டம் விழுந்துவிடும். அது கறை இல்லை, தேய்த்தால் போகாது, மறுபடி மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. மகளுக்கு டிவி வைக்கிற இடத்தில் மார்பிள் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கிரானைட்டை இந்தப் புளிப்பெல்லாம் ஒன்றும் செய்யாது. ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் இல்லை. நாம் அலமாரித் தட்டுக்குப் போடுகிற கடப்பா கல்லும் கறுப்புதான், அதுவும் சுண்ணாம்புக் கல், பளபளவென்று பாலிஷ் ஏற்றி நிறுத்திவைத்தால் புதிதாக வாங்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் கல் பார்க்கப் போகும்போது அரை எலுமிச்சம்பழம், நகப்பாலிஷ் ரிமூவர், கொஞ்சம் பஞ்சு மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதே ஸ்லாபில் வெட்டி மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி இரண்டு சொட்டு சாறு விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து துடைத்துப் பாருங்கள், சொட்டு விழுந்த இடம் வெளுத்திருந்தால் வேண்டாம். ரிமூவரில் நனைத்த பஞ்சால் தேய்க்கும்போது கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அது சாயம் ஏற்றிய கல், அதுவும் வேண்டாம். பர்கூர் பக்கம் ஒரு பட்டறையில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மா இப்படித்தான் பஞ்சும் கையுமாக வந்தார், முதலாளி முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம், கறுப்புதான் போட வேண்டும் என்றும் இல்லை. நம் போர் தண்ணீர் காய்ந்தால் விழுகிற வெள்ளைத் திட்டு, தனிக் கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ கிரானைட்டில் ஊதாவும் சாம்பலும் நெளிநெளியாக ஓடுவதால் அந்தத் திட்டும் தெரியாது, மஞ்சள் தூளும் தெரியாது. எந்தக் கல் ஆனாலும் 18 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள்.

கேள்வி: வெளிர் சாம்பல் கிரானைட், போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, அடுப்போரம் எண்ணெய் இறங்கித் திட்டாக நிற்கிறது. பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் பளபளப்பு போனதுதான் மிச்சம்.
- வாசகர், காவேரிப்பட்டணம்

ஆசிடை பாத்ரூமிலேயே வைத்துவிடுங்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பாலிஷ் போவது மட்டுமில்லை, சில கல்லில் உள்ளே இருக்கிற இரும்பு கிளம்பி மஞ்சளாகத் துரு ஓட ஆரம்பித்துவிடும். போன பாலிஷுக்கு ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

எண்ணெய்த் திட்டை நீங்களே எடுக்கலாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, திட்டின் மேல் அரை விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காய விட வேண்டும், காயும்போதுதான் உள்ளே இறங்கிய எண்ணெயை அது இழுக்கும், அவசரப்பட்டு ஈரத்தோடு வழித்துவிட்டால் செய்த வேலை வீண். பழைய திட்டு ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

கறை போனதும் ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். முத்தாக நின்றால் சரி, கல் நனைந்து நிறம் அடர்ந்தால் சீலர், அதாவது எண்ணெயும் தண்ணீரும் கல்லுக்குள் இறங்காமல் தடுக்கிற பூச்சு, தேவை. சீலர் தடவி, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் ஆனதும் மிச்சத்தை ஒழுங்காகத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுவென்று படலமாக நின்றுவிடும். தினசரிக்குப் பாத்திரம் கழுவுகிற லிக்விட் நாலு சொட்டு, மெல்லிய துணி, அவ்வளவுதான், கம்பி நார் கூடாது.

கேள்வி: சிங்குக்கு முன்னால் கிரானைட்டில் குறுக்கே விரிசல். கல்லே மட்டமா?
- வாசகர், ஓசூர்

கல்லைச் சொல்லாதீர்கள். சிங்குக்கு ஓட்டை வெட்டியபின் முன்பக்கம் மிஞ்சுவது இரண்டு மூன்று அங்குலப் பட்டைதான், மொத்த மேடையில் பலமில்லாத இடம் அது. அடியில் தாங்கல் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள், இல்லையென்றால் கொடுத்துவிட்டு, விரிசலில் அதே நிற எபாக்ஸி பசை அடைக்கச் சொல்லுங்கள். பரண் மேலிருந்து பாத்திரம் எடுக்க அந்த இடத்தில் கால் வைத்து ஏறியது யார் என்று வீட்டில் மெதுவாக விசாரியுங்கள்.