மகனை டவர் வேலைக்கு அனுப்பலாமா? குளச்சல் தாய் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் மகன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் முடித்திருக்கிறான். செல்போன் டவர் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டர் வருகிற திங்கட்கிழமையே வரச் சொல்கிறார். "அம்பது மீட்டர் உயரம் ஏறணுமாம், கதிர்வீச்சு வேற உண்டாம், அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் இந்தத் திங்கட்கிழமை வேண்டாம். ஏறிப் பழகாத பையனுக்குப் பயிற்சியே தராமல் நேராக சைட்டுக்குக் கூப்பிடுகிறவரிடம் எந்தக் கிழமையும் வேண்டாம். இந்தத் தொழிலில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அவசரம்தான். உயரத்தைச் சமாளிக்க முறை இருக்கிறது.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். டவரின் மேலே ஆன்டெனாக்கள் இருக்கும். பழைய 4ஜி அமைப்பில் அவற்றின் பின்னால் ஆர்.ஆர்.யு. எனப்படும் ரேடியோ பெட்டிகள் தொங்கும். 5ஜி-யில் பல இடங்களில் ஆன்டெனாவும் ரேடியோவும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. கீழே கேபினெட்டில் சிக்னலைக் கையாளும் பி.பி.யு. என்ற கருவி, மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் எஸ்.எம்.பி.எஸ்., பேட்டரி வரிசை, பக்கத்தில் டி.ஜி. செட் என்ற டீசல் ஜெனரேட்டர், எர்த் குழிகள். மேலுக்கும் கீழுக்கும் நடுவே ஓடுவது மைனஸ் 48 வோல்ட் டி.சி. கேபிளும் ஃபைபரும். ஆகவே வேலையில் பெரும்பங்கு தரையில்தான். எலெக்ட்ரீஷியன் படித்தவனுக்கு அது பழகிய வாசனை உள்ள இடம்.

இனி ஏறும் வேலை. உடல் முழுதும் தாங்கும் பட்டைகளான ஃபுல் பாடி ஹார்னஸ், தாடைப் பட்டையுள்ள ஹெல்மெட், ஹார்னஸை டவரோடு மாட்டும் ஹூக்குக் கயிறான, அதிர்ச்சி தாங்கியுடன் கூடிய இரட்டை லேன்யார்டு, நின்றபடி வேலை செய்ய இடுப்பில் கட்டும் பொசிஷனிங் கயிறு: இவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் கொடுத்து ஏற்றினால் அங்கேயே மறுத்துவிட வேண்டும்; விழுந்தால் அது முதுகையும் வயிற்றையும் ஒடித்துவிடும். ஹார்னஸில் ஐ.எஸ். 3521 முத்திரையும் தயாரித்த தேதியும் தெரிய வேண்டும். இரட்டை லேன்யார்டின் கணக்கு எளிது: ஒரு ஹூக்கை மாற்றும்போது மற்றது மாட்டியே இருக்கும். தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை இரண்டும் ஒருசேரக் கழன்ற நொடி இருக்கக் கூடாது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பையன்கள் தவறுகிறார்கள். கேபிள் டிரே, துருப்பிடித்த ஸ்டெப் போல்ட், ஆன்டெனா தாங்கும் மெல்லிய குழாய் இவற்றில் ஹூக் போட்டால் அது மனசுக்குத்தான் தைரியம். டவரின் முக்கியக் காலிலோ கனமான குறுக்குச் சட்டத்திலோ மாட்ட வேண்டும்; அல்லது ஏணியோடு ஓடும் பாதுகாப்புக் கம்பி வடத்தில் நகர்ந்து, விழுந்தால் பிடித்துக்கொள்ளும் ஃபால் அரெஸ்டர் வேண்டும். உயரமும் முக்கியம். 1.8 மீட்டர் லேன்யார்டைக் காலடியில் மாட்டிக்கொண்டு விழுந்தால் 3.6 மீட்டர் போன பிறகுதான் கயிறு இறுகும். அதற்குமேல் அதிர்ச்சி தாங்கி பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. தலைக்கு மேலே, கயிறு தொய்வில்லாமல் மாட்டினால் விழுகிற தூரமே மிகவும் குறைந்துவிடும். கீழே பீமோ கூரையோ இருக்கும் ரூஃப்டாப் சைட்டில் இந்த வித்தியாசம்தான் உயிர்.

நாகர்கோவில் கடைவீதிகளில் கட்டட மாடியில் நிற்கும் சின்னக் கம்பங்களைப் பார்த்து "இது சும்மா மாடி வேலைதானே" என்று நினைக்க வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி ஓரம், தலைக்கு நேரே ஆன்டெனா, பக்கத்திலேயே மின்கம்பி என்று அங்கே ஆபத்து இன்னும் நெருக்கம். உயரம் குறைவு என்பதால் ஹார்னஸைக் கழற்றி வைப்பதும் அங்கேதான் அதிகம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரையோரத்தில் உப்புக்காற்று போல்ட்டையும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் பட்டையையும் சீக்கிரம் அரிக்கும். வெளியே வெள்ளையாகத் தெரியும் போல்ட் உள்ளே இளைத்திருக்கும். ஏறும்முன் கீழ்க் கால்களையும் ஏணியையும் பார்ப்பது, ஏறும்போது ஒவ்வொரு படியையும் எடை போடும்முன் சோதிப்பது கட்டாயம். ஹார்னஸையும் உப்பு விடாது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான காற்றுதான் டவரில் இருப்பவனையும் தள்ளும். ஆன்டெனாவை ஏற்றும்போது அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். பேச்சிப்பாறை, கோதையாறு மலைப் பக்கமும் ரப்பர் தோட்டங்களிலும் கடந்தைக் கூடு, தேன்கூடு உண்டு. கீழிருந்து பைனாகுலரில் பார்க்காமல் ஏறினால், 30 மீட்டரில் கொட்டு வாங்கிக்கொண்டு கையை விடுகிற நிலை வரும். கேபினெட் கதவைத் திறக்கும்முன் பாம்புக்காக ஒரு தட்டு.

இடி இன்னொரு பெரிய விஷயம். சித்திரை வைகாசி மாலைகளிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊர் இடி எல்லோருக்கும் தெரிந்ததே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் கீழே இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியாமல் ஏறக் கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து போனபின் கரண்டும் சிக்னலும் இல்லாமல் நாம் பட்ட பாடு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் "சீக்கிரம் சரி பண்ணு" என்ற நெருக்கடி வரும். புயலில் அசைந்த டவரை முதலில் சோதித்து, ஏறலாம் என்று எழுத்தில் சொன்ன பிறகே யாரும் ஏற வேண்டும்.

கதிர்வீச்சுக்கு வருகிறேன். ஆன்டெனா தன் சக்தியை முன்னோக்கி வீசுகிறது. கீழே நிற்பவரிடம் வருவது மிகக் குறைவு. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் பொதுமக்களுக்கான வரம்பை உலக அளவுகோலான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. சொன்னதில் பத்தில் ஒரு பங்காக வைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஆனால் வேலை செய்யும் ஆள் ஆன்டெனாவின் முகத்துக்கு ஓரிரு அடி முன்னால் நிற்கக்கூடும். அங்கே இந்த ஆறுதல் செல்லாது. என்.ஓ.சி. என்ற கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு அந்த செக்டரை, அதாவது அந்தப் பக்கத்து ஆன்டெனாவை, நிறுத்தச் சொல்லி, கீழே பிரேக்கரையும் இறக்கி, "ஆள் மேலே இருக்கிறார்" என்று அட்டை மாட்டிப் பூட்டி, பிறகுதான் அதன் முன்னால் போக வேண்டும். ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனி ஆன்டெனா இருந்தால் ஒவ்வொரு கம்பெனியையும் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதன் முன்னால் நிற்பது அடிக்கடி நடக்கும் பிழை. ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் ஜம்பர் கேபிளை, சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றினால் விரல் பொசுங்கும். கதிர்வீச்சை அளக்கும், சட்டையில் மாட்டும் ஆர்.எஃப். மானிட்டர் இருந்தால், அது சத்தம் போடும்போது நகர்ந்துவிட வேண்டும்.

தரையில் ஆபத்து இல்லை என்று எலெக்ட்ரீஷியன் பையன்கள் நினைப்பது டி.சி.யைப் பார்த்து. 48 வோல்ட் பொதுவாகப் பெரிதாக ஷாக் அடிக்காதுதான். ஆனால் 24 செல் வரிசையில் ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் உருகி முகத்தில் தெறிக்கும். மோதிரமும் கழுத்துச் செயினும் வீட்டிலேயே இருக்கட்டும். இன்சுலேஷன் உள்ள ஸ்பேனர், முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசம் கட்டாயம். பூட்டும்போது எர்த் முதலில், கழற்றும்போது எர்த் கடைசியில். இந்த மைனஸ் 48 வோல்ட் டி.சி.யில் பாசிட்டிவ்தான் எர்த் ஆகியிருக்கும் என்பதை வீட்டு வயரிங் பழக்கத்தில் மறந்து மாற்றி இணைத்தால் ஆர்.ஆர்.யு. போய்விடலாம். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, பாதிப்பு மட்டும் தெரியும்.

வேலையின் சுத்தமும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான். டேப்பால் சரியாகச் சுற்றாத கனெக்டருக்குள் (கேபிள் இணைப்பு முனை) மழைநீர் இறங்கினால், சிக்னல் திரும்பி வருகிறது என்று சொல்லும் வி.எஸ்.டபிள்யு.ஆர். அலாரம் சில வாரங்களில் வரும், அதே டவரில் மறுபடி ஏற வேண்டும். ஆகவே கனெக்டரை, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும். பழைய 7/16 வகைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், புதிய 4.3-10 வகைக்கு 5 மட்டும். பெரியதற்குப் பழகிய கை சின்னதை முறுக்கினால் மரை போய்விடும். பிறகு பி.வி.சி. டேப், அதன்மேல் பியூட்டைல் ரப்பர், அதன்மேல் மீண்டும் பி.வி.சி. கடைசி டேப் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடியபடி ஏறி வர வேண்டும். அப்போதுதான் ஓட்டுக்கூரை போலத் தண்ணீர் வழிந்து ஓடும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை வாங்கி உள்ளே அனுப்பும். கேபிள் பெட்டிக்குள் நுழையும்முன் ஒரு வளைவு தாழ்ந்து தொங்கட்டும்.

சாமான் ஏற்றுவது கையில் தூக்கிக்கொண்டு அல்ல. ஒரு ஆர்.ஆர்.யு. 20 கிலோவுக்கு மேல் வரும். கப்பி, சுமைக் கயிறு, காற்றில் சுழலாமல் இழுத்துப் பிடிக்க வழிகாட்டிக் கயிறு ஒன்று. டவர் அடியில் நாடா கட்டி, சுமை மேலே இருக்கும்வரை யாரும் உள்ளே வராமல் பார்க்க ஒருவர். ஸ்பேனருக்கும் கயிறு கட்டியிருக்க வேண்டும்.

அம்மா, கான்ட்ராக்டரிடம் போய் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதாக இருக்க வேண்டாம். "மேலே ஒருத்தன் மயங்கித் தொங்கினா யாரு இறக்குவா?" என்று கேளுங்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்குகிற ஆளுக்கு ரத்தம் காலில் தேங்கிவிடும், நிமிடங்களில் ஆபத்து. கோதையாறு சைட்டிலிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வரும் தூரத்தை நினைத்துப் பாருங்கள். ஆகவே தரையில் இரண்டாவது ஆள், அவருக்கும் ஏறி மீட்கும் பயிற்சி, வண்டியில் மீட்புக் கயிற்றுப் பை இவை இருக்க வேண்டும். "108-க்கு போன் பண்ணுவோம்" என்பது மட்டும் பதிலானால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, சம்பளம் மாதக் கணக்கா, சைட் கணக்கா? சைட் கணக்கு என்றால் மழையிலும் இருட்டிலும் ஏறச் சொல்லும் ஆசை தானாக வரும். மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று எழுத்தில் வாங்குங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளமுள்ளவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார், வேலையில் அடிபட்டுப் படுத்தால், அது முதல் நாளாகவே இருந்தாலும், சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் இ.எஸ்.ஐ.க்குள் வராமல் இருக்கலாம்; அப்போது விபத்துக் காப்பீட்டுப் பாலிசி நகலைக் கேளுங்கள். ஏற மறுத்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பாரா என்பதையும் அங்கே வேலை செய்யும் வேறு பையனிடம் விசாரியுங்கள். முதலாளி சொல்வதைவிட அவன் சொல்வது சரியாக இருக்கும்.

மகனிடமும் ஒரு வேலை இருக்கிறது. தலைசுற்றல், வலிப்பு, ரத்த அழுத்தம், பார்வை, நிறப் பார்வை எல்லாம் டாக்டரிடம் சோதிக்கட்டும். ஃபைபர் இழைகளை நிறம் பார்த்துத்தான் இணைக்க முடியும். டெலிகாம் செக்டர் ஸ்கில் கவுன்சிலில் டவர் டெக்னீஷியன் என்ற பணிக்கே பாடத்திட்டமும் சான்றிதழும் உண்டு. அதோடு உயரத்தில் வேலை, மீட்பு, முதலுதவி மூன்றும் சேர்ந்த பயிற்சி எடுக்கட்டும். ஃபைபர் இழைகளை ஒட்டி இணைக்கும் ஸ்ப்ளைசிங்கையும் கற்கட்டும். ஏறும் வேலையை வயது முழுக்கச் செய்ய முடியாது. ஆன்டெனாவின் சாய்வைக் கீழிருந்தே மாற்றும் வசதியும் வந்துவிட்டது. எஸ்.எம்.பி.எஸ்., பேட்டரி, பி.பி.யு. அமைப்பு, அலாரம் வாசிப்பது தெரிந்தவன்தான் டீம் லீடராகவும், புது சைட்டை இயக்கிவைக்கும் கமிஷனிங் எஞ்சினியராகவும் போகிறான். கோணத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டா என்று இந்த வருடச் சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள். டிப்ளமா இருந்தால் அந்தப் படி சுலபம்.

வளைகுடா பேச்சு வந்தால், ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அங்குள்ள நல்ல கம்பெனிகள் உயரப் பயிற்சி, மீட்புச் சான்றிதழைத்தான் முதலில் கேட்கும்.

இந்த வாரம் கான்ட்ராக்டரிடம் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிட்டங்கியில் தொங்கும் ஹார்னஸ் ஒன்றை எடுத்து தையல் பிரிந்திருக்கிறதா, ஹூக்கின் நாக்கு தானாக மூடுகிறதா, தேதி அச்சு தெரிகிறதா என்று அவனே பார்க்கட்டும். எடுத்துப் பார்க்க விடவில்லை என்றால், வேறு கான்ட்ராக்டரை விசாரியுங்கள்.