டேப்புகள் ஓரத்துக்குப் போய்விட்டன, பழையதையே போடலாமா?

கேள்வி: விடுமுறைக்கு வந்த மகன் என் மடிக்கணினியில் இருந்த ஃபயர்பொக்ஸ் உலாவியை அப்டேட் செய்துவிட்டுப் போனான். மேலே வரிசையாக இருந்த டேப்புகள் இப்போது இடப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன. உயர்தர வரலாறு படிப்பிக்க வினாத்தாள், கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளம், நூலகம் தளத்துப் பழைய புத்தகங்கள் என்று இருபது வரை திறந்து வைப்பேன். கை பழகிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பழைய பதிப்பையே திரும்பப் போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: வேண்டாம் ரீச்சர். டேப்புகளை மட்டும் மேலே கொண்டுவரலாம், அரை நிமிட வேலை. அந்தப் பட்டியில் வெறுமையான இடமாகப் பார்த்து மவுஸின் வலது பொத்தானை அமத்துங்கள். ‘டேர்ன் ஓஃப் வேர்ட்டிக்கல் டேப்ஸ்’ என்று ஒரு வரி வரும். அதைத் தெரிவு செய்தால் சரி.

இது 2025 மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பில் சேர்ந்த வசதி. தானாக மாறாது, மகன்தான் போட்டுத் தந்திருப்பார். அவர் நினைத்ததும் நியாயம்தான். மடிக்கணினித் திரைக்கு அகலம் கூட, உயரம் குறைவு. இருபது டேப் மேலே நெருக்கியடித்து நின்றால் எது வினாத்தாள், எது புத்தகம் என்று தெரியாது. ஓரத்தில் என்றால் பெயரை வாசிக்கலாம். ஒரு கிழமை இப்படியே படிப்பித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள்.

உங்களுக்கு இன்னும் உதவுவது அதற்கு அடுத்த மாதம் 137ஆம் பதிப்போடு வரத் தொடங்கிய டேப் குழு. ஒரு டேப்பை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் ஒரு குழுவாகிவிடும். ‘வினாத்தாள்’, ‘நூலகம்’ என்று பெயரும் நிறமும் கொடுக்கலாம். பாடம் முடிந்ததும் குழுவைச் சேமித்து மூடிவிட்டு, அடுத்த வகுப்பில் அப்படியே திறக்கலாம்.

பழைய பதிப்புக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிய பதிப்பு பாவித்த புரொஃபைலை, அதாவது உங்கள் தரவுகள் இருக்கும் கோப்புறையை, பழையது ஏற்காது, புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லும். உங்கள் புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் தொலைந்தது போல இருக்கும். அதோடு, நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) நம்பலாமா என்று சரிபார்க்க ஃபயர்பொக்ஸுக்குள் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14 அன்று காலாவதியாகிவிட்டது. 128க்கு முந்தைய சாதாரணப் பதிப்புகளில் நீங்கள் சேர்த்த நீட்சிகள் வேலை செய்யாமல் போகலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரியது பாதுகாப்பு. பஸ் நிலையத்துக்குக் கிட்ட நான் கொமியூனிகேஷன் கடை நடத்திய காலத்தில், டொங்கிள் டேட்டாவை மிச்சம் பிடிக்க ஐந்து கணினியிலும் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தேன். நிலாவெளியில் இருந்து ஒரு பிள்ளை விண்ணப்பம் நிரப்ப வந்தது. அன்றுதான் கடைசி நாள். எந்த முகவரியை அடித்தாலும் ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நின்றது. ஐந்திலும் அப்படியே. பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் முடித்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. டேப் இடம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஓட்டை அடைபடுவது தெரிவதில்லை. அப்டேட்டில் நமக்கு அவசியமானது அந்தத் தெரியாத பாதிதான், ரீச்சர்.

கேள்வி: என்னிடம் விண்டோஸ் 7 தான் இருக்கிறது. இந்தப் புதிய வசதிகள் கிடைக்குமா அண்ணா?
– மாணவன், மூதூர்

பதில்: கிடைக்காது தம்பி. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி ஃபயர்பொக்ஸ் 115 தான், குரோம் என்றால் 109. மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியிலேயே விண்டோஸ் 7க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தக் கணினியைப் பாடக்குறிப்பு தட்டச்சு செய்ய வைத்திருங்கள். வங்கிக் கணக்கு, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் வேறு கணினியிலோ அப்டேட் வரும் போனிலோ செய்யுங்கள்.