கச்சேரி டிக்கெட்டும் வேலூருக்குப் போகும் பணமும்

குடியாத்தத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே தமிழ்ச் சங்கத்தில் வேலூர்ப் பக்கத்து ஏழை நோயாளிகளுக்காகக் கர்நாடக இசைக் கச்சேரி வைக்கிறார்கள். டிக்கெட் 20 பவுண்டு. எனக்குச் சங்கீதம் தெரியாது. போகலாமா அண்ணா? பணம் நிஜமாகவே போய்ச் சேருமா?"

கட்டாயம் போம்மா. வள்ளிமலைப் பக்கம் திருப்புகழ் காதில் விழாமல் யார் வளர்ந்தோம்? மெயின் உருப்படி என்கிற பெரிய பாட்டு, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் எல்லாம் முடிந்து, துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள் வரும்போது திருப்புகழ் பாடினால் உனக்கே கால் தாளம் போடும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா நல்ல காரியங்களுக்காக எத்தனையோ கச்சேரி பாடிக் கொடுத்தவர். 1974-ல் அவருக்குப் பொதுச்சேவைக்கான மகசேசே விருதே கிடைத்தது. அந்த வழக்கத்தை நம் ஜனங்கள் இங்கேயும் விடாமல் வைத்திருப்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

பணத்தைப் பற்றித் தயங்காமல் கேள். ஹால் வாடகை, மைக் செட், வெளியூர் வித்வான் என்றால் விமான டிக்கெட், தங்குமிடம் என்று வசூலில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். உள்ளூர்ப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சன்மானம் வாங்காமல் பாடும் கச்சேரியில்தான் மிச்சம் நன்றாக நிற்கும். நான் அதற்குத்தான் முதலில் போவேன்.

அப்புறம், டிக்கெட்டோடு நிறுத்தாதே. இங்கே வருமான வரி கட்டுகிறவர், வசூலிப்பது அறக்கட்டளையாக இருந்தால் அதற்குத் தனியாக நன்கொடை கொடுத்து கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசாங்கம் அந்த அறக்கட்டளைக்குச் சேர்த்துத் தரும். 20 பவுண்டு 25 ஆகிவிடும். உன் சம்பளத்தில்தான் வரி பிடிக்கிறார்களே, நீயும் போடலாம். டிக்கெட் காசு கச்சேரிக்கான விலை என்பதால் அதற்கு இது பொருந்தாது.

வாங்குகிற இடத்தையும் பார்க்கணும். நம் ஊர் டிரஸ்ட் எதுவானாலும் வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும். 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பணம் முதலில் டில்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் உள்ள அவர்கள் கணக்கில்தான் விழணும். "தெரிந்தவர் கணக்கில் போட்டு அனுப்புகிறோம்" என்று யாராவது சொன்னால் கொடுக்காதே. இங்கே வசூலிப்பவர்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன் இணையதளத்தில் பெயரைத் தேடினாலே தெரியும். சின்னச் சங்கம் என்றால் போன வருஷ வரவு செலவைப் பொருளாளரிடம் கேள். கணக்கு சுத்தமாக இருப்பவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னாடியே போய் சுண்டல், காபி ஸ்டாலில் நில். இடைவேளையில் அங்கே விற்பதும் நிதிக்குத்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆற்காடு என்று நம் பக்கத்து ஆட்கள் அங்கேதான் அகப்படுவார்கள். வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அவர்களிடம் விசாரிக்கலாம். கச்சேரி பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் இருக்கும். வார்டில் ரோட்டா (டியூட்டி அட்டவணை) போடுவதற்கு முன்பே அந்த நாளை லீவாகக் கேட்டு வாங்கி வை.