ஒரு கிலோ செம்புக்கு 75 மீட்டர்

அன்புள்ள ஐயா,

கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். பொழுது சாய்ந்தால் ஒயர் எரிக்கிற நாற்றம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு வீசிங். எரிப்பவர்களிடம் கேட்டால், "வயித்துக்கு என்னங்க பண்றது" என்கிறார்கள். வறுமைதான் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா? போலீஸில் பிடித்துக் கொடுத்தால் நிற்குமா?

ஒரு வாசகர், எம்.கே.பி. நகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிடித்துக் கொடுத்தால் நாளைக்கு வேறு மூலையில் எரிப்பார்கள். ஒயருக்குள் இருக்கும் செம்பை எடுத்து விற்கத்தான் எரிக்கிறார்கள். உரிக்காமல் ஏன் எரிக்கிறார்கள் என்பது ஒயரின் எடையிலேயே இருக்கிறது.

வீட்டு ஒயரிங்கில் போடும் 1.5 சதுர மி.மீ. ஒயரில் மீட்டருக்குச் சுமார் 13 கிராம் செம்பு. கிலோ சேர 75 மீட்டர் உரிக்க வேண்டும். பிளேடு வைத்துக் கையாலேயே முடிகிற வேலை. 0.5 ஒயர் என்றால் 220 மீட்டருக்கு மேல் போகும். சார்ஜர், கம்ப்யூட்டர் கேபிள் இழைகள் அதைவிட மெல்லியவை, உரித்து மாளாது. அதே குவியலுக்குத் தீ வைத்தால் சற்று நேரத்தில் செம்பு கைக்கு வரும். அன்றைய அரிசிக்கு அன்றே காசு வேண்டியவர் வேறென்ன செய்வார்? இத்தனைக்கும் எரித்த செம்பு கறுத்துப்போய், காயலான் கடையில் உரித்த செம்பைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகும்.

அம்மாவை வாட்டுவது ஒயரின் மேலுள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் உறை. சுத்தமான பி.வி.சி. எடையில் 57 சதவீதம் குளோரின். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். கொழுந்துவிடாமல் புகைந்துகொண்டே இருக்கும் தீயில் டயாக்சின் என்ற கொடிய நச்சும் உண்டாகிறது. அதைத் தூண்டிவிடுவது செம்பேதான். பழைய உறைகளில் இருக்கும் ஈயம் சாம்பலோடு மண்ணில் தங்கும். இவ்வளவையும் மிக அருகில் நின்று சுவாசிப்பவர், எரிக்கிற அந்த மனிதர். ஒயரை வாங்கித் தூக்கிப்போட்டவர்கள் தொலைவில் இருக்கிறார்கள். அதனால் வறுமையின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

தடிமனான ஒயருக்கு, மேஜையில் பொருத்திக் கையால் சுற்றும் உரிப்பு மெஷின் போதும். முதலில் தடிமன் வாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கலந்து விட்டால், மெல்லிய ஒயரின் உறை அறுபடாது. தடித்ததில் பிளேடு செம்பையும் வெட்டி, துணுக்குகள் பிளாஸ்டிக்கோடு போய்விடும். முறுக்கிய ஒயரை நேராக்காமல் விட்டால் சிக்கும். ஒரே உறைக்குள் இரண்டு மூன்று கோர் (தனித்தனி ஒயர்கள்) இருந்தால் வெளி உறையைத் தனியே கழற்ற வேண்டும்.

மெல்லிய ஒயருக்கு இது உதவாது. பொடியாக நறுக்கி, குலுக்கியும் காற்று ஊதியும் செம்பைப் பிரிக்கும் பெரிய மெஷின்தான் வழி. அதற்கு ஒருவர் கோணி போதாது. பலருடைய சரக்கையும் ஓரிடத்தில் எடை போட்டு, அன்றே காசு கொடுத்து வாங்க வேண்டும். வார இறுதியில் பணம் என்றால் மறுபடி தீ வைப்பார்கள். மாநகராட்சியிடம் நீங்கள் மனு கொடுப்பதாக இருந்தால், இந்தக் கொள்முதல் இடத்தைக் கேளுங்கள்.

உறையோடு விற்பவர் ஏமாறாமலிருக்க ஒரு வழி உண்டு. ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டு, உரித்துச் செம்பை மட்டும் எடை போடட்டும். 1.5 ஒயரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செம்பு நிற்கும். அதை வைத்து விலை பேசலாம்.

அம்மாவுக்குத் துணி மாஸ்க் போட்டுப் பயனில்லை, இந்த வாயுவை அது தடுக்காது. நாற்றம் வந்ததும் காற்று வரும் பக்கத்து ஜன்னலை அடைத்து, உள்ளறைக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.