முகூர்த்த வீடியோ ஏன் முந்தின நாளுக்குப் போனது?

கேள்வி: கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுக்கிறேன். இரண்டு கேமரா, நாலைந்து மெமரி கார்டு. ஒகேனக்கல்லில் எடுத்த அவுட்டோரும் தீர்த்தமலையில் நடந்த கல்யாணமும் ஒரே கார்டில் கலந்து கிடக்கின்றன. மவுஸால் இழுத்துப் பிரித்தே பாதி ராத்திரி போகிறது. தேதிவாரியாகத் தானாகப் பிரிக்க வழி உண்டா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: உண்டு, காசும் கிடையாது. எக்சிஃப்டூல் என்று பெயர், பில் ஹார்வி என்பவர் 2003-ல் வெளியிட்டது. பட்டன் எதுவும் இருக்காது, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடிக்க வேண்டும். அந்த வரியை நோட்பேடில் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த கல்யாணத்துக்கு ஒட்டினால் போதும்.

ஷட்டர் அமுக்கிய நேரத்தைக் கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். 'டேட் டைம் ஒரிஜினல்' என்பது அதுதான். அதையே ஃபோல்டர் பெயராக்கச் சொல்லுங்கள், வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், அப்போதுதான் ஃபோல்டர்கள் ஒழுங்காக நிற்கும். விண்டோஸ் காட்டும் ஃபைல் தேதியை நம்பாதீர்கள், எடிட் செய்து சேமித்தாலே மாறிவிடும். இன்னொன்று, சும்மா விட்டால் இந்த டூல் படங்களைக் கார்டிலிருந்து நகர்த்திவிடும். வரியில் மைனஸ் ஓ, ஒரு இடைவெளி, ஒரு புள்ளி சேர்த்தால் காப்பி மட்டும் எடுக்கும்.

கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-க்கு வந்துவிடும், அதனால் இரண்டு கேமராவிலும் ஒரே பெயரில் படம் இருப்பது சகஜம். நான் ஒரு தடவை மவுஸால் இழுத்துப் போட்டு, 'ரீப்ளேஸ்' கேட்டதற்குச் சரி என்று அமுக்கி, ஒரு தாலிகட்டையே தொலைத்தவன். எக்சிஃப்டூல் பழைய ஃபைல்மேல் எழுதாது, இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். அப்படித் தாண்டியது காப்பி ஆகியிருக்காது, அதனால் கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் தனியாக வைத்து ஓட்டுங்கள்.

வீடியோதான் தொல்லை. அதில் 'கிரியேட் டேட்' என்ற நேரத்தைப் பார்க்க வேண்டும், சில கேமராக்கள் அதை உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதனால் விடிகாலை நாலரை முகூர்த்த வீடியோ முந்தின நாள் ஃபோல்டரில் போய் உட்காரும்! 'குவிக்டைம் யூடிசி' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் சரியாகும், ஆனால் உங்கள் கேமரா நம் நேரத்தையே எழுதுகிறது என்றால் அது இருப்பதையும் கெடுத்துவிடும். நேரம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு வீடியோவை வைத்து முதலில் பாருங்கள்.

கார்டை ஃபார்மட் செய்வது, படங்களை எண்ணிப் பார்த்த பிறகு.