வீடியோல காயிற பேப்பர், மோல்மீன்ல காயாத பேப்பர்

கடிதம்:

தம்பிக்கு வணக்கம். மோல்மீன்ல தையல்கடை வச்சிருக்கேன், வயசு 52. ரெண்டு வருஷமா யூடியூப் பார்த்து வாட்டர்கலர் பழகுறேன். அவங்க செய்யறத அப்படியே செஞ்சாலும் எனக்கு சேத்துத்தண்ணி கலர்லதான் வருது. ரங்கூன்ல ஞாயித்துக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு நீங்க போனதா எழுதியிருந்தீங்க. பஸ் செலவு பண்ணி அதுக்குன்னு வர்றதுக்கு அதுல என்ன இருக்கு? வீடியோலயே எல்லாம் சொல்றாங்களே? பேரு போட வேண்டாம்.

பதில்:

அக்கா, வணக்கம். ரெண்டு வருஷம் விடாம போட்டிருக்கீங்க, அப்ப உங்க கையில கோளாறு இல்ல, கடிகாரத்துலதான் கோளாறு. வீடியோக்காரர் 'அஞ்சு நிமிஷம் காய விடுங்க'ன்னு சொல்றாரே, அது அவரு ஊரு அஞ்சு நிமிஷம். நம்ம பர்மாவுல ஆடி ஆவணில துவைச்ச லுங்கியே மூணு நாள் காயாது, பேப்பர் மட்டும் காஞ்சிருமா? அதுவும் ரங்கூனைவிட உங்க ஊர்ல மழை ஒன்றரை மடங்குக்கு மேல. அவங்க ஹேர் ட்ரையர் வச்சு காய வைப்பாங்க, நமக்கு அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிரும்.

ஒர்க்‌ஷாப்ல எனக்குக் கிடைச்சது இந்த ஒண்ணுதான், பேப்பர் எப்ப ஈரம் எப்ப காஞ்சுதுன்னு பார்க்கிற கண்ணு. பன்சோடான் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி, ஆறு பேரு, முதல் ரெண்டு மணி நேரம் சயா, அதான் வாத்தியார், படமே போட விடல, அல்ட்ராமரின் நீலம் ஒண்ணு, பிரஷ் ஒண்ணு, அவ்வளவுதான். பலகையை லேசா சாய்ச்சு வச்சு மேலேர்ந்து ஒரு கோடு இழுக்கணும், கோட்டுக்கு அடியில தண்ணி முத்து மாதிரி திரண்டு நிக்கும், அடுத்த கோடு அந்த முத்தைத் தொட்டு கீழ இறக்கிட்டு வரணும், கடைசில பிரஷ்ஷை பிழிஞ்சுட்டு மிச்ச முத்தை உறிஞ்சி எடுத்துரணும். எடுக்காம விட்டா அந்தத் தண்ணி காயிற இடத்துக்குத் திரும்ப ஏறி காலிஃப்ளவர் மாதிரி ஓரம் ஓரமா பூத்துரும். எனக்கு நாலு தாள் பூத்துச்சு.

அப்புறம் சயா தாளைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டினாரு. கண்ணாடியாட்டம் பளபளன்னா இன்னும் கலர் ஓடும். மினுக்கு அடங்கி மங்கலா இருக்கா, அங்கதான் ஆபத்து, அந்த நேரத்துல ஈரப் பிரஷ் வச்சா நாசம். பார்க்க காஞ்ச மாதிரியே இருந்தாலும் புறங்கையை வச்சுப் பாருங்க, சில்லுன்னா உள்ள ஈரம் இருக்கு. இந்த சில்லுப்பை எந்த வீடியோ காட்டும் சொல்லுங்க? நீங்க துணியைத் தொடாம வீடியோ பார்த்தே ப்ளவுஸ் வெட்டுவீங்களா?

அப்படியும் நான் கேட்டேனா, இல்ல. ரெண்டாவது வாரம் அனவ்ரஹ்தா ரோட்டு காளியம்மன் கோயில் கோபுரம் போட்டேன், ஆகாசம் இன்னும் மினுங்குது, அவசரப்பட்டு சிவப்பை வச்சேன், சிவப்பு அப்படியே மேல ஏறி கோபுரம் தீப்பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. சயா சிரிச்சுக்கிட்டே 'கண லே'ன்னாரு. ஒரு கணம் பொறுன்னு அர்த்தம், அந்த 'கண' பாலி மொழியிலேர்ந்து பர்மியத்துக்கு வந்தது, நம்ம கணமும் அதுவும் ஒரே வேருதான்.

உங்க சேத்துக் கலருக்கும் பாதி காரணம் இந்த அவசரம்தான்னு நினைக்கிறேன், அரை ஈரத்துல மூணாவது தடவை தடவறது. மீதி காரணம் டப்பால இருக்கிற இருபத்திநாலு கலரையும் தொடறது. அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு, ஒரு மஞ்சள், மூணு மாசத்துக்கு இது போதும். முதல் ரெண்டையும் கலந்தா நம்ம மழைமேக சாம்பல் அச்சா வரும், நீலம் கூடினா மேகம் குளிரும், பழுப்பு கூடினா மழை விட்ட மாதிரி இருக்கும்.

மிச்சப் பணத்தை பேப்பர்ல போடுங்க, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தி பேப்பர், ஒரு தாளை எட்டா வெட்டிக்கோங்க. ஸிப் கவர்ல ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க, ஏன்னா தாள் மேல பூசியிருக்கிற பசை ஈரத்துல கெட்டுப்போனா கலர் ஒத்துத்தாள்ல இங்க் விழுந்த மாதிரி திட்டுத்திட்டா இறங்கிரும், அப்ப நம்ம கையைத்தான் நாம திட்டிக்கிட்டு இருப்போம்.

எல்லா ஒர்க்‌ஷாப்பும் ஒண்ணு கிடையாது. ரெண்டு மணி நேரத்துல ஃப்ரேம் போட்ட படத்தோட வீட்டுக்குப் போகலாம்னு சொல்ற இடத்துல ஒரு தடவை காசு கொடுத்தேன், பென்சில் கோடு அவங்களே போட்டு வச்சிருந்தாங்க, நாம உள்ள கலர் ரொப்பினா போதும். போட்டோவுக்கு நல்லா இருந்துச்சு. பணம் கட்டறதுக்கு முன்னாடி எத்தனை பேருன்னு கேளுங்க, பத்துக்கு மேலன்னா சயா உங்க தாள் பக்கம் வந்து நிக்கவே மாட்டாரு. நாலு தாளைக் கெடுக்க விடுவாங்களான்னும் கேளுங்க.

இந்த மழையில வர வேண்டாம், கார்த்திகை பொறந்ததும் வாங்க, காத்து காஞ்சிருக்கும், முதல் பாடம் சுலபமா பிடிபடும். அதுக்கப்புறம் மழைக்கும் சேர்த்து நீங்களே கணக்கு போட்டுக்குவீங்க. வரும்போது கடையில விழுற பழைய பருத்தி வெட்டுத்துணி ஒரு பை கொண்டுவாங்க, பிரஷ் ஒத்தி எடுக்க டிஷ்யூவைவிட அதுதான் தேவலை, எனக்கும் ரெண்டு குடுங்க.