ஒரே சைஸ் இரும்புப் பட்டை, ஒருவரிடம் வாங்கியது மட்டும் ஏன் டிரில் பிட்டைத் தின்கிறது?

முதல் சப்ளையரின் 50×6 மி.மீ. பட்டையில் துளை சுலபமாக விழுகிறது, இரண்டாமவரின் பட்டையில் பாதியில் பிட் கீச்சிட்டு மழுங்குகிறது என்கிறீர்கள். கலப்படப் பழைய இரும்பை உருட்டிய சரக்காக இருக்கலாம். அதில் கார்பன் சீராக இருக்காது, அங்கங்கே கடினமான இடம் வரும்.

இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து கிரைண்டரில் ஒரே அழுத்தத்தில் பிடித்துப் பாருங்கள். கார்பன் குறைவென்றால் பொறி நீளநீளக் கோடாகப் போகும், அதிகமென்றால் நுனியில் பூப்பூவாக வெடிக்கும், இருட்டான மூலையில் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்புறம் ஓரப் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு (பிசிறோடு வளைத்தால் நல்ல இரும்பும் அங்கிருந்துதான் கிழியும், பழி சப்ளையர்மேல் விழும்) வைஸில் பிடித்து, சூடாக்காமல் வளையுங்கள். வெளிவளைவில் விரிசல் கண்டால் வெல்டிங் வேலைக்கு வேண்டாம்.

எடையும் போடுங்கள். அகலம்×தடிமன் மில்லிமீட்டரில், பெருக்கல் 0.00785, உங்கள் 50×6-க்கு மீட்டருக்கு 2.355 கிலோ வரவேண்டும். ரொம்பக் குறைந்தால் தடிமனில் கை வைத்திருக்கிறார்கள்.

ஆலையின் தரச் சான்றிதழ் கேட்டால் உடனே நீட்டுவார்கள். சரி, அதிலுள்ள ஹீட் நம்பர் (ஒரே தடவை உருக்கிய சரக்குக்கு ஆலை போடும் எண்) உங்கள் கட்டின் டேக்கிலும் இருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் காகிதம்.